காரின் தலையில் ஒரு படகு

மோகனூரில் அத்தை வீட்டு வேப்பமரத்தடியில் அந்தக் கயாக் இரண்டு வருடமாகக் கவிழ்ந்து கிடந்தது. பன்னிரண்டு அடி நீளம், மஞ்சள் நிறம், இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து துடுப்புப் போடும் படகு. எடை 36 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ; அதைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் மூட்டை தோளுக்குத் தக்கபடி வளைந்து உட்காரும். படகு வளையாது. ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை தன் போக்கில் திரும்பும். காற்று வீசினால் தூக்கியவரையும் சேர்த்துச் சுற்றும். தராசு சொல்லும் எடை வேறு, கைக்கு வந்து சேரும் எடை வேறு என்று அந்த மாசி மாதக் காலையில் எனக்குத் தெரிந்தது.

அதை ஏன் தூக்க வேண்டியிருந்தது என்றால், ஆற்றில் தண்ணீர் இல்லை. மேட்டூர் அணை டெல்டா பாசனத்துக்காக வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படும். மூடிய சில நாட்களில் மோகனூர்க் காவிரியில் மணல் முதுகு காட்டத் தொடங்கிவிடும். வாங்கல் பாலத்தில் நின்று பார்த்தால் அகன்ற ஆற்றில் இரண்டு மூன்று ஓடைகளாகத்தான் தண்ணீர் நகர்ந்துகொண்டிருக்கும். மேலே, மேட்டூருக்குக் கீழே இருக்கும் பூலாம்பட்டியில் நிலைமை வேறு. அங்கே நெரிஞ்சிப்பேட்டைக் கதவணை நீரைத் தேக்கி வைத்திருப்பதால் மாசியிலும் கரை தொட்டு நிற்கும். மோகனூரிலிருந்து நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி, எடப்பாடி வழியாக ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அத்தனை தூரமும் படகு காரின் மேல் வர வேண்டும்.

படகு ஆற்றோடு கீழே போகும். அதை மேலே கொண்டுபோவது மனிதர் பொறுப்பு. இது பழைய சிக்கல். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 450 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், பாபிலோனுக்கு வரும் வட்டமான தோல் படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆர்மீனிய மலைநாட்டிலிருந்து சரக்கோடு ஆற்றில் இறங்கும் ஒவ்வொரு படகிலும் ஒரு கழுதையாவது நிற்குமாம். பாபிலோனில் சரக்கையும் படகின் மரச்சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதையின் முதுகில் ஏற்றிக்கொண்டு தரைவழியே ஊர் திரும்புவார்கள். எதிர்நீச்சலில் படகைத் திருப்ப ஆற்றின் வேகம் விடாது. வரும்போது கழுதையைப் படகு சுமக்கும். போகும்போது படகைக் கழுதை சுமக்கும். எங்களுக்குக் கழுதை வேலையைக் கார் செய்தது.

மச்சானும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஒரேயடியாகக் கூரைமேல் தூக்கப் பார்த்தோம். தோள் உயரம் வரை வந்தது. அதற்குமேல் கை நடுங்கியது. கீழே இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினோம். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தை உள்ளே போய்ப் பழைய நூல் சேலை ஒன்றை எடுத்து வந்தார். அதை இரண்டாகக் கிழித்து, முறுக்கி, காரின் கூரையில் குறுக்கே போகும் இரண்டு கம்பிகளிலும் சுற்றினார்.

"வெறுந்தலையில ஆராச்சும் சுமை வெப்பாங்களா கண்ணு? சும்மாடு வேண்டாமா?"

காவிரியிலிருந்து குடம் சுமந்த தலை அது. இரும்புக் கம்பியையும் அவர் தலையாகத்தான் பார்த்தார். அவர் சொன்ன இன்னொன்றுதான் எங்கள் வேலையைப் பாதியாகக் குறைத்தது. "ரெண்டு பக்கமும் ஒண்ணாத் தூக்காதீங்க. ஒரு தலைப்பச் சாத்துங்க, அப்புறம் மறு தலைப்பத் தூக்குங்க."

காரின் பின்பக்கம் படகை நிறுத்தி, மூக்கை மட்டும் தூக்கிப் பின்கம்பியில் சாய்த்தோம். கண்ணாடியில் கீறல் விழாமலிருக்க ஒரு போர்வையை விரித்தோம். பாதி எடை இப்போது கம்பியின் மேல். மீதிப் பாதிதான் எங்கள் கையில். அதையும் இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டோம். வாலைத் தூக்கி முன்னே தள்ளியதும் படகு சேலைச் சும்மாட்டின்மேல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கவிழ்த்தே வைத்தோம். அடிப்பாகம் மேலே இருந்தால் காற்று வழுக்கிப் போகும், மழை பெய்தாலும் தண்ணீர் தேங்காது.

கயாக் பிறந்த இடத்தில் இந்தச் சிரமம் இருந்ததில்லை. ஆர்க்டிக் கரையின் இனூயிட் மக்கள் மரமும் எலும்பும் கொண்டு சட்டம் கட்டி, சீல் தோலை இழுத்துத் தைத்து அதைச் செய்தார்கள். வேட்டைக்காரர் ஒருவரே தூக்கிக்கொண்டு பனியில் நடக்கக்கூடிய படகு. இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன். பிளாஸ்டிக் பொடியை அச்சுக்குள் போட்டு, சூட்டில் அச்சைச் சுழற்றிச் சுழற்றி ஒரே துண்டாக வார்த்தெடுப்பார்கள். பாறையில் மோதினாலும் உடையாது. அந்த உறுதிக்கான விலையை நாம் தூக்கும்போது கொடுக்கிறோம்.

இரண்டு பெல்ட்டுகளால் படகைக் குறுக்கே கட்டிவிட்டுக் கிளம்பினோம். கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் எதிரே வந்தன. இருபுறமும் தோகை தொங்க, சாலையையே உரசிக்கொண்டு வரும் சுமை. வேகம் 60-ஐத் தொட்டதும் தலைக்குமேல் ஒரு ரீங்காரம் ஆரம்பித்தது. 70-இல் அது உறுமலாக மாறியது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் ஒரு பெல்ட் தளர்ந்து, படகு நான்கு விரற்கடை வலப்பக்கம் நகர்ந்திருந்தது. நான்கு விரற்கடைதான். ஆனால் பின்னால் ஒரு குடும்பம் மொபெட்டில் வந்துகொண்டிருந்தது. அப்பா, அம்மா, நடுவில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை. அவர்கள் எங்களைக் கடந்து போகும் வரை நான் அந்தப் படகைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். நம் சுமை நம் தலையில் இருந்தாலும், அவிழ்ந்தால் விழுவது அடுத்தவர் மேல்.

நாமக்கல் வரை 30-இல் உருட்டிக்கொண்டு வந்தோம். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக வரும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். சுமை கட்டுவது பற்றி யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால், கேட்பதற்கு இந்தியாவில் இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை. வெறும் சேஸிஸாக வரும் வண்டி இங்கே கேபினும் பலகையும் கொக்கியும் வண்ணமும் பெற்று லாரியாக வெளியே போகும். சமையல் எரிவாயு டேங்கர் உரிமையாளர்களின் தென்மண்டலச் சங்கம் இயங்குவதும் இந்த ஊரில்தான். அறுபதைத் தாண்டிய ஒருவர் பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர் என்று பிறகு சொன்னார்.

"ஏனுங் தம்பி, பரிசலுங்களா?"

"பரிசல் மாதிரிதாங்கண்ணா. கயாக்குன்னு சொல்வாங்க. பூலாம்பட்டிக்குக் கொண்டு போறோம். கட்டு நிக்க மாட்டேங்குது."

டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். கட்டைத் தொடவில்லை. முதலில் படகைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மூக்கைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். அப்புறம் இடமும் வலமும். "நடுவுல மட்டும் கட்டியிருக்கீங்க. மூக்கும் வாலும் சும்மா இருக்குது. முன்கயிறு காத்துக்கு, பின்கயிறு பிரேக்குக்கு. ரெண்டும் இல்லாம நடுக்கட்டு என்னத்தப் பண்ணும்?"

காரணத்தை அவரே விளக்கினார். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று படகின் மூக்குக்கு அடியில் புகுந்து தூக்கப் பார்க்கும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளல் நான்கு மடங்காகும். 40-இல் சாதுவாக இருந்த படகு 80-இல் இறக்கை முளைத்தது போல ஆவது இதனால்தான். முன் கயிறு மூக்கைக் கீழே பிடித்து வைக்கும். திடீரென்று பிரேக் போட்டால் வண்டி நிற்கும், சுமை நிற்காது; அது முன்னால் பாயும். அதைப் பின்கயிறு இழுத்து நிறுத்தும். நடுப் பெல்ட்டுகள் பக்கவாட்டு ஆட்டத்துக்கு மட்டுமே.

பட்டறைக்குள் போய் ஒரு கயிற்றுச் சுருள் எடுத்து வந்தார். பல லோடு கண்டு வழவழப்பாகியிருந்தது. ஒரு முனையைப் படகின் கைப்பிடியில் கட்டினார். கயிற்றின் நடுவில் ஒரு கண் போட்டார். கீழ்முனையைக் காரின் முன்கொக்கிக்குள் விட்டு, மேலே கொண்டுவந்து அந்தக் கண்ணுக்குள் நுழைத்து, மறுபடி கீழ்நோக்கி இழுத்தார். அவ்வளவுதான். கம்பம் போல விறைத்தது கயிறு. ஒரு கப்பி செய்கிற வேலையை ஒரு கண் செய்கிறது. கணக்குப்படி இழுக்கும் பலம் மூன்று மடங்காக வேண்டும். கயிறு கயிற்றோடு உரசுவதால் அவ்வளவு கிடைக்காது. கிடைப்பதே போதும். இழுத்த இடத்தை இரு விரலால் நசுக்கிப் பிடித்துக்கொண்டு, மிச்சக் கயிற்றை மடித்து உருவாஞ்சுருக்காகச் செருகினார்.

"இப்ப நீங்க அவிழ்த்துப் பாருங்க."

முடிச்சை நகத்தால் நெம்பப் போனேன். கையைத் தடுத்தார். தொங்கிய முனையை ஒரு சுண்டு சுண்டினார். மொத்தக் கட்டும் ஒரு நொடியில் கழன்று விழுந்தது.

"லோடு இருக்கற வரைக்கும் அவுறக் கூடாது. எறக்கறப்ப ஒரே இழுப்புல அவுறோணும். கத்தி தேடற கட்டு கட்டே இல்லீங்க தம்பி."

என்னையே கட்டச் சொன்னார். முதல் தடவை கண் உருவிக்கொண்டது. இரண்டாவது தடவை நசுக்கிப் பிடித்த விரல் நழுவியது. நான்காவது தடவை நின்றது. பெருமையில் பெல்ட்டையும் பலம் கொண்டமட்டும் இறுக்கினேன். அவர் படகின் அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்திக் காட்டினார். வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக் லேசாக உள்வாங்கியது.

"இது இரும்பில்லைங்க. வெயிலேற ஏற இளகும். இந்த இறுக்கு இறுக்கினா சாயங்காலம் பள்ளம் விழுந்துரும். முட்டை லோடு கட்டற மாதிரி கட்டோணும்."

நாமக்கல்லில் இதைவிட நல்ல உவமை கிடையாது. அட்டைக்கு 30 முட்டையாக, அட்டைமேல் அட்டையாக அடுக்கிய லாரிகள் இங்கிருந்து தினமும் கேரளத்துக்குப் போகின்றன. தளர்ந்தால் அடுக்கு ஆடி உடையும், இறுக்கினால் கட்டே உடைத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இறுக்கம் இருக்கிறது. அதை அளக்கக் கருவி இல்லை. கட்டுகிறவரின் உள்ளங்கைக்குத் தெரியும். ரீங்காரத்துக்கும் அவரிடம் மருந்து இருந்தது. தட்டையாக விறைத்து நின்ற பெல்ட்டை அவிழ்த்து, ஒரு திருகு திருகிவிட்டுக் கட்டினார். தட்டைப் பட்டையில் காற்று மோதும்போதுதான் அது வீணைத் தந்தி போல அதிரும். திருகிவிட்டால் காற்று சிதறிப்போகும்.

படகின் வால் காரைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதித்த அளவைத் தாண்டிச் சுமை நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். மிச்சச் சுமையை இறக்கும் செலவும் நம்முடையது. "அபராதத்துக்காகக் கட்டலைங்க. பின்னால வர்றவன் மூஞ்சிக்காகக் கட்டறேன்" என்றார். கயிற்றுக்குக் காசு கொடுக்கப் போனபோது வாங்கவில்லை. "திரும்பி வர்றப்பக் கயித்தக் குடுத்துட்டுப் போங்க. பத்து கிலோமீட்டர்ல ஒருக்கா நிறுத்திக் கட்டத் தொட்டுப் பாருங்க. புதுக்கட்டு மொதல்ல கொஞ்சம் இறங்கும்."

பத்தாவது கிலோமீட்டரில் நிறுத்தித் தொட்டுப் பார்த்தோம். அவர் சொன்னபடியே கட்டு இறங்கியிருந்தது. இழுத்துச் செருகிய பிறகு அது கடைசிவரை அசையவில்லை.

திருச்செங்கோட்டை நெருங்கும்போது, அர்த்தநாரீசுவரர் மலை கண்ணில் பட்ட நேரத்தில், ரிக் வண்டிகள் தென்பட ஆரம்பித்தன. ஆழ்துளைக் கிணறு தோண்டும் இந்த வண்டிகள் இந்த ஊரிலிருந்து வட இந்தியா வரை போய், மாதக்கணக்கில் தங்கி, பாறையைத் துளைத்துவிட்டுத் திரும்பும். ஒன்று எங்களுக்கு முன்னால் போனது. தோண்டும்போது நிமிர்ந்து நிற்கும் நீண்ட கோபுரத்தை மடக்கி, கேபினுக்கு மேல் நீட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். முன்னால் ஒரு தாங்கி, பின்னால் ஒரு அச்சு. நெடுக நீண்ட கனத்த பொருளை இரண்டு இடத்தில் தாங்கி, இரண்டு முனையையும் அடக்கி வைத்திருந்த அந்த முறையை அன்று காலைவரை நான் கவனித்ததே இல்லை. எத்தனையோ வருடம் அதன் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

சங்ககிரிச் சாலையில் ஒரு புளியமரத்தடியில் கட்டைத் தொட்டுப் பார்க்க மறுபடி நிறுத்தினோம். அங்கே ஒரு சுமைதாங்கி நின்றது. நட்டுவைத்த இரண்டு கற்கள், மேலே குறுக்கே ஒரு கல். ஆள் உயரம். தலைச்சுமையோடு தனியாக நடந்து வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் சாய்த்து இளைப்பாறலாம். மறுபடி தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போகலாம். அந்த உயரம் அதற்காகத்தான். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக இவற்றை நடுவது நம் ஊர் வழக்கம். இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்காக, ஊரார் எல்லோரும் சுமையை இறக்கிவைக்க ஒரு இடம்.

கல்லைப் பார்த்தேன், காரின் கூரையைப் பார்த்தேன். இரண்டு நிலைக்கால், ஒரு குறுக்குக் கம்பி. காலையில் அத்தை "ஒரு தலைப்பச் சாத்துங்க" என்றது இந்தக் கல்லின் பாடம்தான். கையில் வலு குறைந்தவர்கள் பெருஞ்சுமை தூக்கிய நாட்டில், வலுவுக்குப் பதிலாக உயரத்தையும் சாய்வையும் வைத்து ஒரு வழி கண்டிருக்கிறார்கள். தனியாகக் கயாக் ஏற்றுகிறவர்கள் உலகம் முழுக்கச் செய்வதும் இதே சாய்ப்புத்தான்.

சங்ககிரிக் கோட்டை மலையைச் சுற்றிலும் லாரிகள் நிறைந்திருந்தன. 1805-இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட கோட்டை அது. ஆடிப்பெருக்கு நாளில், காவிரி பொங்கும் பருவத்தில், அவருக்கு இங்கே மரியாதை செய்கிறார்கள். எடப்பாடிக்குள் நுழைந்ததும் விசைத்தறிச் சத்தம் தெருவெல்லாம் கேட்டது. எங்கள் படகைப் பார்த்துக் கை காட்டிச் சிரித்த பையன் ஒருவன் மொபெட்டில் தன் உயரத்துக்கு நூல் மூட்டை கட்டிக்கொண்டு போனான். அவன் மூட்டைக்கு மேலே போட்டிருந்த முடிச்சைப் பார்த்தேன். மடித்துச் செருகிய சுருக்கு, ஒரே இழுப்பில் அவிழ்வது.

பூலாம்பட்டியில் காவிரி நிறைந்து நின்றது. மறுகரையில் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டை. இரண்டு கரைக்கும் நடுவே விசைப்படகு ஓடுகிறது. பள்ளிப் பிள்ளைகள், சந்தைக்குப் போகிறவர்கள், அவர்களோடு இருசக்கர வண்டிகளும் ஏறி நின்றன. காலையிலிருந்து வண்டிமேல் படகைச் சுமந்து வந்த எங்கள் கண்முன்னே, படகு வண்டிகளைச் சுமந்துகொண்டு போனது. ஹெரோடோட்டஸின் கழுதையை நினைத்துக்கொண்டேன்.

துறையில் இருந்தவர்களிடம் தண்ணீர் திறக்கும் நேரத்தையும், கதவணைப் பக்கம் எதுவரை போகலாம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். கதவு திறந்தால் அமைதியாகத் தெரியும் நீர் இழுக்க ஆரம்பித்துவிடும். உயிர்காப்பு உடுப்பில்லாமல் இறங்கக் கூடாது. நாங்கள் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது மீனவர் ஒருவர் படித்துறையிலிருந்து மேலே ஏறி வந்தார். முதுகிலும் தலையிலுமாகப் பரிசல் கவிழ்ந்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கால் முளைத்த ஆமை ஏறி வருவது போல இருந்தது. மூங்கில் பின்னலின் குறுக்குச் சட்டத்துக்கும் உச்சந்தலைக்கும் நடுவில் சுருட்டிய துண்டு. அதே சும்மாடு.

முன்பெல்லாம் மூங்கில் கூட்டுக்குத் தோல் போர்த்துவார்கள். அப்புறம் தார் பூசிய சாக்கும் பிளாஸ்டிக் தாளும் வந்தன. இப்போது ஃபைபரிலும் வருகிறது. மாறாதது அதன் வடிவமும் எடையும்: ஒரு ஆள் தூக்குகிற அளவு. ஆற்றோடு இறங்கியவர் மேலே நடந்து திரும்ப வேண்டும் என்பது அதைச் செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் பரிசலை இறக்கி வைத்துவிட்டு எங்கள் கயாக்கைத் தட்டிப் பார்த்தார். "கனமுங்களே. தனியா வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே நடுவில் வந்து கை கொடுத்தார். மூன்று பேராகத் தூக்கியபோது அந்த 36 கிலோ எங்கே போனதென்றே தெரியவில்லை.

நீரில் இறங்கியதும் அது வேறு பொருளாகிவிட்டது. ஒரு விரலால் தள்ளினால் போனது. கரை ஓரமாகவே இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டோம். தென்னையும் வாழையும் நீருக்குள் தலைகீழாக நின்றன, வடமேற்கே மலை நீலமாகத் தெரிந்தது. மச்சான் முன்னால் உட்கார்ந்து பேசாமல் வந்தார். நாள் முழுக்கச் சுமந்து வந்த பொருள் இப்போது எங்களைச் சுமக்கிறது என்ற நிறைவு அந்த மௌனத்தில் இருந்தது.

திரும்பி ஏற்றும்போது யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மூக்கைச் சாத்தி, வாலைத் தூக்கி, சும்மாட்டின்மேல் தள்ளி, பெல்ட்டைத் திருகி, முன்கயிறு, பின்கயிறு. நாமக்கல்லை அடைந்தபோது இரவு எட்டு மணி. பட்டறையில் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. கயிற்றின் சொந்தக்காரர் இல்லை. மாலையே வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள்.

மோகனூர் இன்னும் 18 கிலோமீட்டர். எங்களிடம் வேறு கயிறும் இல்லை. பக்கத்துக் கடையில் புதுக் கயிறு வாங்கி, படகை அதனால் கட்டிய பிறகு, பழையதை அவிழ்த்தேன். சுருட்டி, பட்டறை வாசல் தூணில் இருந்த கொக்கியில் மாட்டி, காலையில் கற்றுக்கொண்ட சுருக்கைப் போட்டுத் தொங்கவிட்டேன். வந்து எடுக்கும்போது முனையை அவர் ஒருமுறை சுண்டுவார். ஒரே இழுப்பில் அவிழ்கிறதா என்று இருட்டில் நானே இரண்டு தடவை சுண்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை கட்டி வைத்துவிட்டு வந்தேன்.